கொட்டை எழுத்தும் கொண்டை ஊசி வளைவும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஏற்காட்டு மலைப்பாதையில் ஒருமுறையேனும் பயணம் செய்யாத மாணவர் நமது கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். அடிவாரத்தைத் தாண்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, இருபதாவது கொண்டை ஊசி வளைவில் எண்ணி முடித்து, குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் இறங்குவது அனைவரும் அறிந்த இன்பம். நானோ அந்த மலையிலேயே பிறந்தவன். நாள்தோறும் அந்த இருபது வளைவுகளையும் இறங்கிக் கல்லூரிக்கு வந்து, மீண்டும் ஏறி வீடு திரும்புகிறேன். மற்றவர்கள் மலையழகைப் பார்க்கும்போது நான் பார்த்துக்கொண்டு வருவது பலகைகளை. அவற்றில் எழுதப்பட்டுள்ள எழுத்துகளை! இதைக் கேட்டு என் நண்பர்கள் நகைப்பதுண்டு. இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால் நகைக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

ஒரு மார்கழி இரவு

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஓர் இரவு என் அம்மாயிக்கு நெஞ்சுவலி கண்டது. எங்கள் ஊர் ஏற்காட்டுக் கடைவீதியிலிருந்து பல கல் தொலைவில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. சேலத்திலுள்ள உறவினர் ஒருவர் உடனே வாடகைக் கார் ஒன்றை அனுப்பி வைத்தார். ஓட்டுநர் சமவெளிக்காரர், நல்லவர், மலைச்சாலையில் நிதானமாகவே வந்தார். ஆனால் எங்கள் ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்தில் பனி மூட்டம் சூழ்ந்திருந்தது. கைப்பேசியில் தொடர்பும் இல்லை. அங்கே புதிதாக நட்டிருந்த பச்சைப் பலகை ஒன்று இருந்தது. பளபளக்கும் வெள்ளை எழுத்துகள். மிக மிகத் தடித்தவை. பகலில் பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். கார் விளக்கின் ஒளி பட்டபோது அவ்வெழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்து, பலகையில் தயிரைக் கொட்டியதுபோல் ஆகிவிட்டன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தும் படிக்க முடியவில்லை. தவறான கிளையில் திரும்பி, பூட்டிய தோட்டக் கதவு ஒன்றின் முன் போய் நின்று, மீண்டும் திரும்பி வந்து, எங்கள் வீட்டை அடைய முக்கால் மணி நேரம் கூடுதலாயிற்று.

அம்மாயி பிழைத்துக்கொண்டார். இன்றும் வாசலில் அமர்ந்து மிளகு காய வைக்கிறார். ஆனாலும், "இன்னும் கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தால்..." என்று மருத்துவர் பாதியில் நிறுத்திய அந்த வாக்கியம் என் செவியை விட்டு அகலவில்லை. பலகையை நட்டவர் யார் என்பது இங்கே பொருட்டன்று. அவர் நல்லெண்ணத்துடன்தான் பெரிதாகவும் தடிப்பாகவும் எழுதச் சொல்லியிருப்பார். பெரிதாகவும் தடிப்பாகவும் எழுதினால் நன்றாகத் தெரியும் என்பதே நம் எல்லோருடைய எண்ணமும். அந்த எண்ணம் எங்கே பொய்க்கிறது? இதுவே என் ஆராய்ச்சியின் தொடக்கம்.

கொட்டை எழுத்து என்பது யாது?

பெரிதாகவும் தடிப்பாகவும் எழுதப்படுவதைக் 'கொட்டை எழுத்து' என்று நம் மக்கள் அழகாகச் சொல்வர். சுவரொட்டிகளிலும், நாளேட்டின் தலைப்பிலும், கடைப் பெயர்ப் பலகையிலும் காண்பது அதுவே. அச்சுக்கலையில் இதன் ஒரு வகைக்குத் 'தடித்த வடிவியல் சான்ஸ் செரிஃப்' என்று பெயர். பெயர் நீளமாயினும் பொருள் எளியது.

ஆங்கிலப் புத்தகங்களில் எழுத்தின் கோடு முடியும் இடத்தில் சிறிய பாதம் போன்ற ஓர் உறுப்பைக் காணலாம். அதற்குச் செரிஃப் என்று பெயர். 'சான்ஸ்' என்றால் பிரெஞ்சு மொழியில் 'இல்லாமல்' என்று பொருள். ஆகவே பாதம் இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். கவராயத்தையும் அளவுகோலையும் கொண்டு வரைந்ததுபோல் வட்டமும் நேர்கோடுமாக அமைந்தால் அது வடிவியல் எழுத்து. கோட்டின் பருமன் மிகுந்தால் தடித்த எழுத்து. அவ்வளவே.

அச்சில் இவ்வகை எழுத்து முதன்முதலாக 1816ஆம் ஆண்டளவில் லண்டன் காஸ்லன் வார்ப்பகத்தின் மாதிரிப் புத்தகத்தில் தோன்றியது. நூறாண்டு கழித்து, 1916இல், எட்வர்டு ஜான்ஸ்டன் என்னும் எழுத்தோவியர் லண்டன் சுரங்க இரயில் நிலையங்களுக்காக ஓர் எழுத்தை வரைந்தார். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும் பயணிக்கு நிலையத்தின் பெயர் சட்டெனப் புலப்பட வேண்டும். அதே நேரத்தில் அது விளம்பரக் கூச்சலிலிருந்து வேறுபட்டும் நிற்க வேண்டும். 1927இல் ஜெர்மனியில் பால் ரென்னர் 'ஃபியூச்சுரா' என்ற எழுத்தை வெளியிட்டார். வடிவியல் எழுத்துகளுக்கெல்லாம் தலைமையானது இதுவே எனலாம். 1969இல் அப்போலோ-11 விண்கலம் நிலவில் விட்டுவந்த உலோகப் பட்டயத்தின் வாசகமும் ஃபியூச்சுரா எழுத்தில் அமைந்ததே.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஃபியூச்சுரா வெறும் கவராய வேலையன்று. ஒரே பருமனுள்ள கிடைக்கோடும் நிலைக்கோடும் அருகருகே நின்றால், கிடைக்கோடே தடித்ததாக நம் கண்ணுக்குத் தோன்றும். சதுரமும் வட்டமும் ஒரே உயரத்தில் இருந்தால் வட்டம் சிறிதாகத் தோன்றும். ஆகவே கிடைக்கோட்டைச் சற்று மெலிதாக்கி, வட்டத்தைக் கோட்டுக்கு மேலும் கீழும் இம்மியளவு வெளியே விட்டு வரைவார்கள். இரண்டு கோடுகள் கூடும் மூலையில் மை தேங்கியதுபோல் கறுத்துவிடாதிருக்க, அங்கே கோட்டைக் குறுக்குவார்கள். கணக்கின்படி சரியாக இருப்பது ஒன்று. கண்ணுக்குச் சரியாக இருப்பது மற்றொன்று. கண்ணுக்கே முதலிடம்!

தமிழுக்கு இது புதிதா?

தமிழெழுத்துக்கு ஆங்கிலத்தைப் போன்ற செரிஃப் இல்லை. அப்படியானால் தமிழெழுத்து அனைத்தும் சான்ஸ் செரிஃப் தானே என்று கேட்கலாம். தமிழில் வேறுபாடு பாதத்தில் இல்லை. கோட்டின் பருமனில் இருக்கிறது. ஈய அச்சில் வந்த பழைய புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். ஒரே எழுத்தில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். இன்று கணினித் திரையில் நாம் காணும் பல எழுத்துகளில் கோடு முழுவதும் ஒரே பருமனாக இருக்கும். இந்த ஒரே பருமன்தான் தமிழின் 'சான்ஸ் செரிஃப்'.

இதை மேனாட்டு இறக்குமதி என்று எண்ணிவிட வேண்டாம். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழிக் கல்வெட்டுகளில் கோடும் வட்டமும் கோணமுமாக, ஒரே பருமனில் வெட்டிய எழுத்துகளையே காண்கிறோம். சேர்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய கல்வெட்டு, திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்டது. அதன் எழுத்துகளும் இத்தகையனவே. பாறையில் உளி வெட்டியபோது தமிழ் வடிவியல் எழுத்தாகவே இருந்தது. பின்னர் ஓலை வந்தது. எழுத்தாணி நேர்க்கோடு கிழித்தால் ஓலை நரம்போடு பிளக்கும். ஆகவே எழுத்து வளைந்தது, சுழித்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். ஆகவே புள்ளியை விட்டுவிட்டு எழுதினர். எழுதும் பொருளுக்கேற்ப எழுத்து மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அச்சு வந்தபின் மீண்டும் மாற்றங்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. தரங்கம்பாடியில் 1713இல் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தித் தந்தார். தந்தை பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 19-10-1978 ஆணையால் ஏற்றுக்கொண்டது. துதிக்கை போட்ட 'லை', 'ளை', 'ணை', 'னை' ஆகியவையும், அடியில் சுழித்த 'ணா', 'றா', 'னா' ஆகியவையும், அவற்றின் இனமான ஒகர ஓகார வடிவங்களுமாகப் பதின்மூன்று எழுத்துகள் எளிமையாயின. கொட்டை எழுத்தை அமைப்பவருக்கு இச்சீர்திருத்தம் பெரும் உதவி என்பது என் கருத்து. சுழிக்குள் சுழி குறையக் குறைய, கோட்டைத் தடிப்பாக்க இடம் கிடைக்கிறதல்லவா?

இன்று யாரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்க நல்ல தமிழ்க் கணினி எழுத்துகள் பல உள்ளன. பிரியா ரவிச்சந்திரன் அமைத்த 'கட்டமரான்' ஒரே பருமனுள்ள கோடுகளால் ஆனது. இழைபோல் மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது நிலைகள் அதில் உண்டு. நமது 'கட்டுமரம்' என்ற சொல்லே அதன் பெயர் என்பது மகிழ்ச்சிக்குரியது. 'எக் டைப்' குழுவினரின் 'பலூ தம்பி' உருண்டு திரண்ட கொட்டை எழுத்து. அதே குழுவினர் 2022இல் வெளியிட்ட 'அனேக் தமிழ்' என்ற எழுத்தில் பருமனை மட்டுமின்றி அகலத்தையும் வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். எழுத்துக்குப் பஞ்சமில்லை. எதை எங்கே இடுவது என்னும் அறிவுக்குத்தான் பஞ்சம்.

தடிப்பாக்கும்போது நேரும் நான்கு இடர்கள்

முதலாவது, சுழி அடைபடுதல். நாம் முதல் வகுப்பில் எப்படிப் படித்தோம்? 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்றுதானே? சுழிகளின் எண்ணிக்கைதான் இவ்விரண்டுக்கும் அடையாளம். கோடு தடிக்கத் தடிக்கச் சுழியின் உள்வெளி சுருங்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் அடைபட்டுவிடும். பிறகு ணகரமும் னகரமும் ஒன்றே. 'முன்னே பணி' என்றால் சாலையில் வேலை நடக்கிறது, தொழிலாளர் நிற்பர், வண்டியை நிறுத்தவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். 'முன்னே பனி' என்றால் மூட்டம்; விளக்கைப் போட்டு மெல்லச் செல்ல வேண்டும். எங்கள் மலையில் இரண்டும் உண்டு! இலக்கண வகுப்பில் மதிப்பெண் குறைக்கும் பிழை மலைச்சாலையில் உயிரைக் குறைக்கக்கூடும்.

இரண்டாவது, புள்ளி ஒட்டிக்கொள்ளுதல். எங்கள் மலையிலுள்ள செம்மநத்தம் என்ற ஊர்ப் பெயரை எழுதிப் பாருங்கள். மூன்று புள்ளிகள் வருகின்றன. எழுத்தின் தலைக்கோடு தடித்து மேலே எழும்பினால் புள்ளி அதனோடு ஒட்டிவிடும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஓலைக் காலத்துக்கே திரும்பிவிடுவோம். தடித்த எழுத்தில் புள்ளியையும் தடிப்பாக்க வேண்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே வெளியையும் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, ரகரமும் காலும் மயங்குதல். 'ர' என்ற எழுத்துக்கும் 'கா' என்பதிலுள்ள துணைக்காலுக்கும் வேறுபாடு அடியில் சாய்ந்து வரும் ஒரு சிறு கோடு மட்டுமே. ஓலையில் இவை பிரித்தறிய முடியாதபடி இருந்ததைப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டிலிருந்து அறிகிறோம். வடிவியல் அழகுக்காக அந்தச் சிறு கோட்டைக் குறுக்கினால் பழைய மயக்கம் மீண்டும் வரும். நமது சேலத்துப் பக்கம் கற்கள் நிறைந்த சிறு குன்றைக் 'கரடு' என்பர். அந்தச் சிறு கோடு தேய்ந்தால் கரடும் காடும் ஒன்றே! ஏரியும் காடும் சேர்ந்து அமைந்த ஏற்காடு ஒரு கொட்டை எழுத்தால் 'ஏற்கரடு' ஆகிவிடலாம்.

நான்காவது, நசுக்குதல். தமிழ்ச் சொற்கள் அகலமானவை. மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, வாழவந்தி என்று எழுதினால் பலகை கொள்ளாது. கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் அழுத்தி நுழைத்துவிடுகிறார்கள். அப்போது நிலைக்கோடுகள் மட்டும் மெலிகின்றன; கிடைக்கோடுகள் முன்போலவே தடிப்பாக நிற்கின்றன. சுழிகளோ முட்டை வடிவாக ஒடுங்குகின்றன. நெரிசலில் சிக்கிய மனிதனைப்போல் எழுத்து விழிபிதுங்கி நிற்கிறது. குறுகிய இடத்துக்கென்றே வரைந்த எழுத்தைப் பயன்படுத்த வேண்டும். அல்லது பலகையை நீளமாக்க வேண்டும். அல்லது இரண்டு வரியாக எழுத வேண்டும். இரண்டு வரியாக எழுதினால் மேல்வரியின் 'கு', 'டு', 'மு' ஆகியவற்றின் வாலும், கீழ்வரியின் 'கி', 'தீ' ஆகியவற்றின் கொக்கியும் மோதிக்கொள்ளாதபடி இடைவெளி விட வேண்டும்.

மாமாவிடம் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் நான் முதலில் கற்றது புத்தகத்திலன்று, என் தாய்மாமனிடம். அவர் பலகை எழுதும் தொழிலாளி. பிளக்ஸ் வருவதற்கு முன் எங்கள் பகுதியில் கடைப் பலகை, லாரியின் நெற்றி, பள்ளிச் சுவர், தோட்டத்து எல்லைக்கல் என்று அவர் தூரிகை படாத இடமில்லை. இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று வேலை வந்தாலே பெரிது. அம்மாயி அவருடைய தாய். அந்த இரவு முழுவதும் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் அந்தக் கிளைச்சாலைக்கு என்னையும் அழைத்துச் சென்று பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, எழுத்தை எழுதத் தெரிஞ்சிருக்கு, வெளியை எழுதத் தெரியலே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அருகிலிருந்த காப்பித் தோட்டத்தைக் காட்டினார். "செடிக்கும் செடிக்கும் நடுவுலே ஏன் எடம் விடறோம்? காத்தும் வெளிச்சமும் போகணும். நெருக்கி நட்டா எல்லாம் செடிதான், ஆனா காய் எங்கே? எழுத்தும் அப்படித்தான். சுழிக்குள்ளே வெளிச்சம் போகணும்."

அவர் கணக்கு எளிமையானது. பலகையில் நூல் பிடித்து, சாக்பீஸால் மேல்கோடும் கீழ்க்கோடும் போடுவார். முதலில் எழுதுவது பெயரின் மிகச் சிக்கலான எழுத்தை. 'ண', 'ஞ', 'இ' போன்றவை இருந்தால் அவற்றை முதலில் போட்டுப் பார்த்து, சுழியின் உள்வெளி கோட்டின் பருமனுக்குக் குறையாதபடி தூரிகையைத் தேர்ந்தெடுப்பார். அந்தத் தூரிகையே பலகை முழுவதுக்கும். "ட-வைப் பார்த்து பிரஷ் எடுக்கக்கூடாது, ண-வைப் பார்த்து எடுக்கணும்" என்பார். 'ட', 'ப' போன்றவை இரண்டு மூன்று கோடுகளால் ஆனவை. எவ்வளவு தடித்தாலும் தாங்கும். அவற்றுக்கு ஏற்ற தடிமனை ணகரத்துக்குக் கொடுத்தால் அது மூச்சுத் திணறும். இந்த ஒரு விதியில் எழுத்து வடிவமைப்பின் பாதி அடங்கிவிடுகிறது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

ஒளியின் விளையாட்டு

மாமா சொன்னதன் பின்னுள்ள அறிவியலையும் ஆராய்ந்தேன். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். அவை ஒளியைச் சிதறடிப்பதால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது, விளிம்புகள் மங்குகின்றன. மெலிந்த கோடு மறைந்தே போகும். ஆகவே ஓரளவு தடிமன் தேவைதான். ஆனால் விளிம்பு மங்கும்போது முதலில் மூடிக்கொள்வது சிறிய உள்வெளிகளே. ஆகவே அளவுக்கு மீறிய தடிமன் கேடு. தடிமனுக்கு ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் உண்டு என்பதே முடிவு.

இன்னொன்று: இரவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டிய பலகைகளில், ஒளிரும் பகுதி இருண்ட பகுதிக்குள் பரவுவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாயின் எழுத்து தடித்துத் தோன்றும்; சுழி அடைபடும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தாயின் பின்னணி எழுத்தைத் தின்னும். எழுத்து மெலிந்து தோன்றும். ஆகவே ஒரே பெயரை வெள்ளையில் எழுதும்போது சற்று மெலிதாகவும் கறுப்பில் எழுதும்போது சற்றுத் தடிப்பாகவும் எழுத வேண்டும். எங்கள் பச்சைப் பலகையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு.

மேனாடுகளில் இதற்கென்றே பெரும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. பிரிட்டனில் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் 1957 முதல் உழைத்து வடிவமைத்த சாலைப் பலகைகள் 1965இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்காவில் சுழிகளின் உள்வெளியை விரித்து அமைத்த 'கிளியர்வியூ' என்ற எழுத்துக்கு 2004இல் இடைக்கால ஒப்புதல் கிடைத்தது. 2016இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2018இல் மீண்டும் வழங்கப்பட்டது. அந்த ஒப்புதலும் இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்தாக எழுதும் பலகைகளுக்கு மட்டுமே! இருபத்தாறு எழுத்துகளைக் கொண்ட மொழிக்கே இவ்வளவு வாதமென்றால், இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

தடித்த வடிவியல் எழுத்து பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. அதற்குரிய இடங்கள் உண்டு. கடைப் பெயர், நாடக அறிவிப்பு, நூலின் மேலட்டை, விளையாட்டு விழாப் பதாகை, நாளேட்டின் தலைப்பு ஆகியவற்றில் அது சிங்கமென நிற்கும். ஏற்காட்டுச் சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் பழைய திரைப்பட விளம்பரங்களின் கொட்டை எழுத்துகளை எண்ணிக்கொள்வேன். டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய அந்தக் கலைக்கூடம்தான் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப்படத்தைத் தந்தது. திரைப்படத்தின் பெயர் நமக்கு முன்பே தெரியும். சுவரொட்டி எழுத்து நம்மைக் கூவி அழைத்தால் போதும். மேலும் அங்கே எழுத்து சிலவே. பார்ப்பவரும் நின்று பார்க்கிறார்.

ஆனால் மருந்துப் புட்டியின் குறிப்பு, தேர்வு வினாத்தாள், பாடநூலின் பத்தி, அரசு விண்ணப்பப் படிவம் ஆகியவற்றில் அது பொருந்தாது. அங்கே வரிக்கு வரி கண் நகர வேண்டும். எல்லா எழுத்தும் உரக்கப் பேசினால் எதுவும் காதில் விழாது. சாலைப் பலகை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. தெரியாத ஊரின் பெயரை, ஓடும் வண்டியில், இருட்டில், ஒரே பார்வையில் படித்தாக வேண்டும். அங்கே நடுத்தரத் தடிமனும், திறந்த சுழியும், தாராளமான புள்ளியும், அடிக்கோடு தெளிந்த ரகரமுமே வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதை நம்பாதவர்கள் விடுதி அறையிலேயே சோதிக்கலாம். வெள்ளைத் தாளில் 'பணி', 'பனி', 'காடு', 'கரடு' என்ற நான்கு சொற்களையும் ஒரே உயரத்தில், மெலிதாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, மிகத் தடிப்பாக ஒருமுறை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணுக்கு முன் எண்ணெய் தடவிய தாளையோ ட்ரேசிங் தாளையோ பிடித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் மூடுபனி. ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகருங்கள். எந்தத் தடிமனில் எந்தச் சொல் முதலில் குழம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரிசையை அறியாத ஒரு நண்பரைப் படிக்கச் சொன்னால் இன்னும் நன்று. எழுதியவன் கண் எப்போதும் ஏமாற்றும்.

நான் இச்சோதனையை எங்கள் வீட்டில் செய்தபோது படித்தவர் அம்மாயி. அவர் பள்ளிக்குச் சென்றவரல்லர். நடுவயதில் இரவு வகுப்பில் அரிக்கேன் விளக்கொளியில் எழுத்துக் கற்றவர். மெலிந்ததைக் கண்டு, "தெரியலே சாமி" என்றார். மிகத் தடித்ததைக் கண்டு, "இதென்ன, எழுத்துக்கு வீக்கமா?" என்று கேட்டார். நடுத்தரத்தை மட்டும் கூட்டிக் கூட்டிப் படித்து முடித்தார். எத்தனை புத்தகம் புரட்டினாலும் கிடைக்காத விமரிசனம் அது!

முடிவுரை

நண்பர்களே! இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும் முன் ஒரு செய்தி நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தனர். மறுமொழி வரும்வரை காத்திராமல், பிரிவுச் சாலையின் ஓரத்திலுள்ள தம் தோட்டத்துச் சுவரில் எழுதிக்கொள்ள அதன் உரிமையாளர் இசைவு தந்தார். மாமா மஞ்சள் பூசி, கறுப்பு எனாமலில் எங்கள் ஊரின் பெயரையும் ஓர் அம்புக்குறியையும் எழுதினார். ஒரே ஒரு ணகரம் அதில் உண்டு. அதைத்தான் முதலில் எழுதினார். நான் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே பனி இறங்கியது. சாலையின் மறுகோடியில் நின்று பார்த்தோம். பச்சைப் பலகை வெண்மையாக மங்கிவிட்டது. சுவரெழுத்தில் மூன்று சுழிகளையும் எண்ண முடிந்தது. "போதும் மாப்பிள்ளை, வா" என்று மாமா தூரிகையை மண்ணெண்ணெயில் அலசத் தொடங்கினார்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், அலுவலராவோம், சிலர் அச்சகமோ கணினி மையமோ நடத்துவோம். எங்கேனும் ஒரு பலகையை, ஓர் அறிவிப்பை, ஒரு படிவத்தை எழுதச் சொல்லும் அதிகாரம் நம் கைக்கு வரும். அப்போது 'பெரிதாக எழுது, தடிப்பாக எழுது' என்று மட்டும் சொல்லிவிடாமல், அதை யார் படிக்கப் போகிறார், எந்த வெளிச்சத்தில் படிக்கப் போகிறார், எந்த அவசரத்தில் படிக்கப் போகிறார் என்று ஒரு கணம் எண்ண வேண்டும். மூன்று சுழிகளுக்கும் வெளிச்சம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் யாரோ ஒருவருடைய அம்மாயியின் முக்கால் மணி நேரம் மிச்சமாகலாம்.